கொட்டாவியில் இடது, மூன்றாவது வீடு

எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்ட எஸ்தர் மதினிக்கு,

நம்ம தெரு முக்கில் இருந்த சிமெண்டுச் சிப்பி இப்போது அங்கே இல்லை. இதை நேரில் சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு நாள் உங்கள் கண்ணில் படாமல் மாடியிலேயே இருந்திருப்பேன். கடிதம் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக அந்தச் சிப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மில்லர்புரத்தில் நம்ம தெரு திரும்புகிற முக்கில் இடுப்பளவுக்கு ஒரு மேடை, அதன் மேல் ஆள் உயரத்துக்கு வாயைப் பிளந்தபடி ஒரு சிப்பி. முத்து நகரத்தில் ஒரு முத்துச்சிப்பியாவது இருக்கட்டும் என்று தெருக்காரர்கள் சேர்ந்து கட்டியது. கட்டிய கொத்தனார் முத்துச்சிப்பியைக் கண்ணால் பார்த்ததில்லை. மீன் கொண்டுவருகிற அந்தோணியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது மட்டில்லா? அவிச்சுத் திங்கிறதைக் கொண்டாந்து முக்குல வச்சிருக்கீங்களே" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாளாம். என்னைக் கேட்டால் அது மட்டி போலவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ கொட்டாவி விடுவது போலத்தான் இருந்தது. ஊரும் அதற்குக் கொட்டாவி என்றே பேர் வைத்துவிட்டது. மினி பஸ் கண்டக்டர் "கொட்டாவி எல்லாம் எறங்கு" என்று கத்துவார். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் மரியாதையாக "சிப்பி முக்கு அருகில்" என்று போடுவோம்.

அதன் வாய்க்குள் முத்தாக இருந்த கண்ணாடிக் குண்டை முதல் வருஷமே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு முத்து வைக்கிற வேலை எப்படியோ உங்களுடையதாகிவிட்டது. வெள்ளையடித்த தேங்காய், உங்கள் மகன் சாமின் பழைய பந்து, விளிம்பு உடைந்த குண்டுச்சட்டி. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் ஒரு முத்து. "வாயைத் தொறந்து வச்சிருக்கு, ஒண்ணுமே குடுக்காம இருந்தா எப்படி?" என்பீர்கள்.

அதை எடுக்கச் சொல்லி மனு எழுதியது நான்தான், மதினி.

நீங்கள் போன ஒரு வாரத்தில் எழுதினேன். அந்த மத்தியானம் ஆம்புலன்ஸ் முக்கு வரைக்கும்தான் வந்தது. முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடியும் முன்னால் போய் மேடையில் இடித்து நின்றது. டிரைவர் இறங்கி, "இதைக் கொண்டாந்து இங்கன வச்சவன் எவன்?" என்று கத்தியது நம்ம வீடு வரைக்கும் கேட்டது. பிறகு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எட்டு நிமிஷமோ, பத்து நிமிஷமோ. அந்த நிமிஷங்கள் கையில் இருந்திருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் யோசிக்காதீங்க" என்றார். அது ஆமாவா, இல்லையா?

ஷிப்பிங் ஆபீஸில் இருபது வருஷமாகக் கடிதம் எழுதிப் பழகிய கை. 'பொதுமக்களின் உயிருக்கு ஊறு விளைவிக்கும் வகையில்' என்று தொடங்கி ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து அண்ணனுடையது. அவர் படித்துப் பார்க்கவில்லை. "எஸ்தருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். போட்டுவிட்டார்.

அந்தக் காகிதம் எங்கே போயிற்று என்று தெரியாமல் ரொம்ப நாள் கிடந்தது. நானும் மறந்துவிட்டேன். நினைத்துக்கொண்டிருக்க வேறு காரியம் வந்துவிட்டது.

அண்ணனுக்கு ஒவ்வொன்றாக விட்டுப்போக ஆரம்பித்தது. முதலில் பேர்கள். பிறகு கிழமை. பிறகு, சாப்பிட்டாயிற்றா இல்லையா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஒரு சாண் பிசகாமல் பெட்டியை இறக்கி வைத்தவர், காப்பித் தம்ளரை மேசைக்கு வெளியே காற்றில் வைத்தார். ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. காலையில் கடைத்தெரு வரைக்கும் நடந்து போவார், திரும்பி வந்துவிடுவார். எப்படி வருகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நடக்கும்போது வாய் முணுமுணுக்கிறது. "கொட்டாவில எடது, மூணாவது வீடு. கொட்டாவில எடது, மூணாவது வீடு."

அது உங்கள் வாக்கியம். கேஸ் கொண்டுவருகிறவருக்கும், விருந்துக்கு வருகிறவர்களுக்கும், ராங் நம்பரில் கூப்பிட்டவருக்கும்கூட போனில் நீங்கள் சொன்னது. முப்பது வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். சிப்பியைக் கண்டதும் நிற்பார், மேடையில் கையை வைப்பார், இடது பக்கம் திரும்புவார், வீடுகளை விரல் விட்டு எண்ணுவார். நம்ம கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். ஜெயித்துவிட்டு வந்த மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் என் மனுவுக்குப் பதில் வந்தது. வாய்க்கால் கட்டி ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், சிப்பி போகிறது.

மாநகராட்சி ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே இருந்தது ஒரு சின்ன வயசு இன்ஜினியர் பிள்ளை. நான் கொண்டுபோன காகிதத்தையும் ஃபைலில் இருந்த காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "மேடம், எடுக்கச் சொல்லி மனு குடுத்ததும் நீங்க. எடுக்காதீங்கன்னு கொண்டாந்திருக்கிறதும் நீங்க. நான் எதை ஃபைல்ல வைக்க?"

அவள் நல்ல பிள்ளை. யோசித்துவிட்டு, "உடைக்காம அப்படியே தூக்கி வேற இடத்துல வச்சிரலாம். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுப் பூங்கா வருது. அதோட வாசல்ல வைப்போம், அழகா இருக்கும்" என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் சிப்பியை உடையாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட.

தூக்கிய அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மதினி! தெருவே நின்றது. கிரேன் வந்தது. வார்களை மாட்டி அரை அடி தூக்கினதும் சிப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணன் குரல்: "ஏலே, எறக்கு! எறக்குலே! எடது வாரு நழுவுது, தெரியல?" கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். இரண்டு கையாலும் சைகை காட்டுகிறார், மேலே, மெதுவா, நிறுத்து. ஓட்டுகிற பையன் அவர் கையையே பார்த்து ஓட்டுகிறான். லாரியில் அலுங்காமல் இறங்கியது. "அண்ணாச்சி யாருய்யா, இன்னும் வேலைக்கு வரலாம் போலிருக்கே" என்றான். அண்ணன் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கால்மணி நேரம் உங்கள் வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி வந்திருந்தார். நான் அழுதுவிட்டேன்.

சிப்பி இருந்த இடத்துக்கு எதிர்ச் சுவரில் அண்ணனுக்காகப் பெரிதாகச் சிவப்புப் பெயின்டில் அம்புக்குறி போட்டு வைத்தேன். சிப்பி இல்லாமல் அவர் வழி தவறிவிடுவார் என்றுதான் பயந்தேன். சிப்பி இருக்கிற இடத்துக்கே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாம் நாள் ஆபீஸில் இருக்கும்போது போன். தெரியாத பெண் குரல். "அக்கா, எங்க வீட்ல ஒரு அண்ணாச்சி வந்து உக்காந்திருக்காவ. அவுக சட்டைப் பையில உங்க நம்பர் இருந்துச்சு. சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டாவ. 'எஸ்தரு, தண்ணி கொண்டா'ங்காவ. நான் என்ன செய்யட்டும்?"

பூங்கா வாசலில் இருந்து இடது, மூன்றாவது வீடு.

ஷகிலா என்று பேர். மாமியாரும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவளும் மட்டும் இருக்கிற வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பனியனோடு நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரகசியமாகக் கூப்பிட்டார். "இவுக யாரு? உன் மதினிக்குச் சொந்தமா? காப்பி நல்லா போடுதாவ. இருந்துட்டுப் போகட்டும்."

ஷகிலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இடையில் இருக்கிறது பெரிய ரோடு. உப்பு லாரியும் கன்டெய்னர் லாரியும் நிற்காமல் போகிற ரோடு. அதை அவர் தனியாகக் கடந்திருக்கிறார், சிப்பியை மட்டும் பார்த்துக்கொண்டு.

மறுநாளும் போனார். அதற்கு அடுத்த வாரம் ஒரு லாரி பிரேக் போட்டு அவர் இடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றதாம். "பெருசு, சாகிறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் திட்டினதை டீக்கடைக்காரர் சொன்னார். திட்டினவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

"சிப்பியை ஒடைக்கச் சொல்லி மனு போடுங்களேன்" என்றார் டீக்கடைக்காரர். மூன்றாவது மனு! அந்த இன்ஜினியர் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஆனால் சிப்பியே இல்லாவிட்டால் அண்ணன் எங்கே போவார்? அது அங்கே இருப்பதால்தான் அவரை எங்கே தேடுவது என்றாவது தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் கடைசி வீட்டு அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே திருப்பு. வாசலில் போய் நின்றது. அவர்கள் பிழைத்து வந்து இப்போது வெயிலில் வற்றல் காயப்போடுகிறார்கள். அந்த மனு சரியான மனுதான், மதினி. கோபத்தில் எழுதினாலும் சரியான மனு. சரியான காரியத்தைச் செய்துவிட்டு ஏன் எனக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது?

லாரி விஷயம் தெரிந்ததும் சாம் சென்னையிலிருந்து கூப்பிட்டான். "அத்தை, கேட்டைப் பூட்டுங்க. உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, நான் வந்து அப்பாவை ஒரு ஹோம்ல சேர்த்திருதேன்." அவன் மேல் தப்பில்லை. பயந்த பிள்ளை அப்படித்தான் பேசும். அம்மாவையும் தூரத்தில் இருந்துகொண்டே இழந்தவன்.

ஒருநாள் பூட்டினேன். ஒரே ஒருநாள். அண்ணன் காலையிலிருந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மரியாதையாகக் கேட்டார்: "இந்த வீட்டுக்காரவுக எங்க போயிருக்காவன்னு தெரியுமா? என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாவ. மறந்திருப்பாவ. எனக்கு வீட்டுக்குப் போகணும்." சாப்பாட்டைக் கம்பி பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "யாரு பெத்த பிள்ளையோ" என்று என் தலையில் கை வைத்தார். சாயங்காலம் பூட்டைத் திறந்துவிட்டேன்.

இப்போது ஆபீஸில் கேட்டு மத்தியானத்துக்கு மேல் வேலை என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். காலையில் அவர் கிளம்பினதும் நாலு அடி பின்னால் நானும் கிளம்புகிறேன். கூட நடந்தால் அவருக்குப் பிடிக்காது, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்பார். பெரிய ரோடு வந்ததும் மட்டும் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். நேற்று நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ யாரு தாயி?"

"உங்க தங்கச்சி பியூலா, அண்ணே."

"எந் தங்கச்சி சின்னப் பிள்ளைல்லா. ஸ்கூலுக்குப் போயிருக்கா. எஸ்தருதான் சடை பின்னி அனுப்புனா."

ரோட்டைக் கடந்தோம். மூன்றாவது வீட்டில் ஷகிலா இரண்டு தம்ளர் வைத்திருந்தாள். குடித்துவிட்டு, "வீட்டுக்குப் போவோமா?" என்றால் சில நாள் வருகிறார். சில நாள், "இதுதான வீடு" என்கிறார். அப்படிப்பட்ட நாளில் அவர் கண் அசருகிற வரைக்கும் காத்திருந்து ஆட்டோ பிடிக்கிறேன். ஷகிலா எத்தனை நாள் பொறுப்பாள்? என் முழங்கால் எத்தனை நாள் பொறுக்கும்? மழைக்காலத்தில் என்ன செய்வேன்? எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாம் வருகிறான், முடிவு செய்ய. அவனையும் ஒருநாள் காலையில் எங்களோடு நடக்கக் கூப்பிடப் போகிறேன். அவன் அப்பா விரல் விட்டு வீடு எண்ணுவதை அவன் பார்த்ததே இல்லை. பார்த்த பிறகு அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன் என்று சொல்ல மாட்டேன். சண்டை போடுவேன்.

உங்களிடம் பெரிய சத்தியமெல்லாம் செய்ய எனக்குப் பயமாயிருக்கிறது. அந்தக் கேட்டை இனிமேல் பூட்டவே மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த ரோட்டை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். என் கால் நடக்கிற வரைக்கும் அண்ணன் நடப்பார். என்றைக்காவது பூட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், பூட்டுக்கு உள்ளே அவரோடு நானும் இருப்பேன். "வீட்டுக்காரவுக எங்க?" என்று அவர் கேட்டால், "இந்தா இருக்கேன்" என்று சொல்ல ஆள் இருக்கும்.

உங்கள் நாத்துனா,
பியூலா