முப்பத்தொன்றா, ஒன்றா?

1984 அக்டோபர் 28, ஞாயிறு

தாராவி வாசகசாலைப் பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது என் பொறுப்பு. தோல் பட்டறைக்குப் போகிற வழியில் எழுதிவிடுவேன். முப்பத்தொன்றுக்குப் படேல் பிறந்ததுதான் கிடைத்தது. வேறு எதுவுமே நடக்கவில்லையா அன்றைக்கு? என் மனைவி சாயிராவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாம்.

அக்டோபர் 31

பெண் குழந்தை. சாயங்காலம் ஐந்தரை. இந்திராவைச் சுட்டுவிட்டார்கள் என்று கடைக்காரர்கள் ஷட்டரெல்லாம் இறக்கிவிட்டார்கள், ஒரு டாக்ஸி கிடையாது. வீட்டிலேயே, மருத்துவச்சி கையால். சுற்றிலும் அழுகைச் சத்தம். எனக்கோ சிரிப்பு வருகிறது — உடனே வெட்கம். என்ன மனுஷன் நான்?

நவம்பர் 2

எதிர்வீட்டு வானமாமலை அண்ணாச்சி இந்திரா கட்சிக்காரர். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டேன். வாசலைத் தாண்டவில்லை. “இந்த நாளுலயா பொறக்கணும் பாய்? வருஷா வருஷம் நாங்க அழுதுகிட்டு இருப்போம், நீரு முட்டாயி குடுப்பீராக்கும்?” கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் என்ன?

நவம்பர் 6

நாளை பிறப்புப் பதிவு. ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது, நான் சொல்வதுதான் தேதி. நவம்பர் ஒன்று எவ்வளவு நல்ல நாள்! ஐம்பத்தாறில் எங்கள் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். எனக்கே ஹெட்மாஸ்டர் இஷ்டத்துக்குப் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று போட்டார், நான் என்ன செத்தா போயிட்டேன்? சாயிராவிடம் கேட்கணுமா? கேட்டால் கூடாதென்பாள்.

நவம்பர் 7

ஒன்று என்றே எழுதிவிட்டேன். மருத்துவச்சி கைநாட்டு வைத்தாள். சரியா தப்பா, தெரியலையே.

டிசம்பர் 9

பிள்ளைக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று யாராவது கேட்டால் எனக்கு இருமல் வருகிறது.

1985 அக்டோபர் 31

காலையிலிருந்து ரேடியோவில் சோக வாத்தியம். சாயிரா சேமியாப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். “நாளைக்கு வச்சுக்கலாமே” என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. “எனக்கு வலிச்ச நாளை நீங்க எப்படி மச்சான் தள்ளி வைப்பீங்க? நாளைக்கே வார்டு ஆபீசுல போய் மாத்துங்க. இப்போ இதை அண்ணாச்சிக்குக் கொண்டு குடுங்க. கேட்டா மறைக்காமச் சொல்லுங்க.”

கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி அந்தம்மா படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன விசேஷம் என்றார்.

“மகளுக்கு இன்னைக்குப் பொறந்தநாள் அண்ணாச்சி.”

கிண்ணத்தையே பார்த்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

“பிள்ளைக்குப் பேரு என்ன பாய்?” பிள்ளை ஒரு வருஷமாக எதிர்வீட்டில்தான் இருக்கிறாள், இன்றைக்குத்தான் கேட்கிறார்.

ரோஷன் என்றேன், வெளிச்சம் என்று அர்த்தம்.