கதவுக்குள் நின்ற தண்ணீர்

அன்பு மகன் பெரியவனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த முட்டி பரவாயில்லை, படி மட்டும் ஏறக்கூடாது என்றிருக்கிறார்கள், அவள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். உன் தங்கை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, நீ மெதுவா இறங்கி வா என்று சொல்லி டோக்கன் வாங்க உள்ளே போய்விட்டேன். அவள் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கப் பார்த்திருக்கிறாள், அதுவும் வேலை செய்யவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு கியரைத் தாண்டி என் சீட்டுக்கு வரவும் முடியவில்லை. கால் மணி நேரம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். வாசல் காவலாளி பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட ஓடிவந்தார். இரண்டு பேராகப் பிடித்து என் பக்கமாக இழுத்து இறக்கினோம். புடவையெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போய் டோக்கன வாங்குங்க" என்றாள்.

நேராக மெக்கானிக்கிடம் போனோம். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐயா, உள்ள மீன் வளக்குறீங்களா" என்றார். கதவுக்கு அடியில் வரிசையாக மூன்று சின்ன ஓட்டைகள், மூன்றையும் யாரோ பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒன்றைக் குத்தினார், துரு கலந்த தண்ணீர் கொட்டிய கொட்டில் அரை வாளி நிறைந்தது. உள்பக்க அட்டையைக் கழற்றினால், தண்ணீரை வண்டிக்குள் விடாமல் தடுக்க அதற்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளும் இல்லை. "கண்ணாடி ரப்பரைத் தாண்டி மழத்தண்ணி உள்ள வரத்தான் செய்யும். வர்ற தண்ணிக்குப் போற வழி வேணும்ல? தேங்கி நின்னு பூட்டு, கண்ணாடி மோட்டார் எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. எந்தப் புண்ணியவான் இத அடைச்சது" என்று கேட்டார். முன்னாடி ஒரு மெக்கானிக் பார்த்தார் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள். "அந்த மெக்கானிக் தினமும் என் பக்கத்துலதான் குறட்ட விடுறாரு."

ஆமாம் தம்பி, நான்தான். கண்ணாடி ஏறவில்லை என்று ஒருநாள் நானே அந்தக் கதவைப் பிரித்தேனே, அப்போது அந்தத் தாளைப் பேக்கிங் என்று நினைத்துக் கிழித்துப் போட்டேன், தூசி போகிறதென்று ஓட்டைகளையும் அடைத்தேன். முப்பது வருஷம் ஊர்க் குழாயில் கசிவு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மழையில் வண்டியை எடுத்துப் போனாய். மறுநாள் காலையில் வண்டிக்குள் கால் மிதியடி ஊறிக் கிடந்தது. மருமகள் நிற்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், ஒரு கண்ணாடிய ஒழுங்கா ஏத்தத் தெரியாதவன் அங்க போய் என்னத்தப் பொழைக்கப் போற என்று கத்தினேன். ஏத்தித்தான்ப்பா இருந்துச்சு என்று ஒரே தடவை சொன்னாய். அப்புறம் துண்டை எடுத்து வந்து மண்டிபோட்டுத் துடைத்தாய், பிழிந்து பிழிந்து துடைத்தாய். அன்று சாயங்காலமே விமானம் ஏறிவிட்டாய்.

இதற்கு மேல் எழுதத்தான் கை வரவில்லை. நீ போன பத்தாம் நாள் இன்னொரு மழை பெய்தது. கண்ணாடியெல்லாம் நானே ஏற்றி வைத்திருந்தேன். மிதியடி அதே மாதிரி ஊறியிருந்தது. உன் மேல் தப்பில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பதினாலு மாதமாகத் தெரியும். கதவைப் பிரித்துக் காட்டினால் என் கைவேலை வெளியே வந்துவிடுமே என்று சும்மா இருந்தேன். அம்மா ஒவ்வொரு மழைக்கும் காலுக்கடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அடுத்து யாரத் திட்டுவீங்களோன்னு" என்றாள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய் நான்தான் அடைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன், அவருக்கு அந்தச் சம்பவமே ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும். மருமகளிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு, அவள் முன்னால் சொன்ன வார்த்தையை அவளுக்கும் தெரியத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று அப்பன் பிள்ளையிடம் கேட்டால் அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

உன் வண்டிக் கதவுக்கு அடியிலும் ஓட்டை இருக்கும், மெல்லிய குச்சியால் மண்ணைக் குத்தி விடு, மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசி முடித்ததும் வைத்துவிடாமல், அப்பா இருக்காரா என்று ஒரு வார்த்தை கேள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா