கண்ணாடித் தாள் ஒட்டிய உறை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் நலத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த உறையை நாலு பக்கமும் மிஷினில் தைத்து அனுப்புகிறேன். தையல் பிரிந்திருந்தால் வழியில் யாரோ படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்டுவதற்காகப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் பெயருக்கு ஒரு தபால் வந்தது. நம் கட்டடத்தில் ஒன்பது வீட்டுக்கும் ஒரே பெட்டிதானே. முதலில் இறங்குகிறவர் எல்லாவற்றையும் எடுத்து மாடிப்படித் திட்டில் பரப்பி வைப்பார். நான் பார்த்தபோது உங்களுடையது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, மூலை கசங்கி.

அன்று சாயங்காலமே மாடி வீட்டு அக்கா வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் உங்களை அவர் விசாரித்ததே இல்லை. மறுநாள், தைக்கக் கொடுத்த மகனின் சீருடைத் துணியைத் திருப்பிக் கேட்டார். சட்டைக்கு ஒரு கை வெட்டியாயிற்று என்றேன். பரவாயில்லை என்று வாங்கிப் போய்விட்டார். எதிர்வீட்டுக்காரியும் பெண்ணை இங்கே விளையாட அனுப்புவதில்லை. தபால்காரர் மேல்கூடச் சந்தேகம் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உறையின் ஒட்டலைப் பார்த்தேன். யாரும் பிரிக்கவில்லை.

பிரிக்கவே வேண்டாம். முகவரி தெரிவதற்காகக் கண்ணாடித் தாள் ஒட்டிய உறை அது. மேஜையில் ஒரு தட்டு தட்டினால் உள்ளே காகிதம் சரிந்து அடுத்த வரி தெரிகிறது: பால்வினை நோய்ப் பிரிவு. இன்னொரு தட்டு தட்டினேன்: மனைவியையும் பரிசோதனைக்கு அழைத்து வரவும்.

வேலை பார்க்கும் ஊரில் அறையில் கூட இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதானே ஆஸ்பத்திரிப் படிவத்தில் வீட்டு முகவரியை எழுதினீர்கள்? அந்த நாலு பேருக்குத் தெரியவில்லை. இங்கே ஒன்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

உங்கள் தபாலை நான் பிரிக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். பிரிக்கவில்லை, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். போன தடவை நீங்கள் வீட்டுக்கு வந்தபோதே இது உங்களுக்குத் தெரியுமா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

வியாழக்கிழமை நானும் பரிசோதனைக்குப் போகிறேன். முகவரிக் கட்டத்தை நிரப்ப மாட்டேன், முடிவை நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கே இப்போதே சொல்லிவிட்டேன்.

மருந்து கொடுத்திருந்தால் விடாமல் சாப்பிடுங்கள். பதிலைத் தபாலில் போட வேண்டாம். நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை பல் தீப்பெட்டியிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உறையை இன்னும் பிரிக்காத
உங்கள் மனைவி