மருமகளின் தட்டு

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே மூவரும் நலம். உன் மனைவி வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நால்வர். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக வேலைக்குப் போய்வர ஜெபிக்கிறோம்.

கடையில் பெரிய குளிர்பெட்டி மறுபடியும் மக்கர் செய்தது. மெக்கானிக் வந்து கதவு ரப்பரை மாற்றிக் கொடுத்தார். அம்மாவுக்கு இடுப்பு வலி பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் எல்லோரையும் திட்டுகிறாள்.

உன் கடிதம் வந்தது. உன் மனைவி இறைச்சி சாப்பிட வேண்டும், குழந்தைக்காகவாவது பிடிவாதத்தை விட வேண்டும், இல்லையென்றால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கறிக்கடைக்காரர் மருமகள் கறி தொடமாட்டாள் என்றால் ஊரே சிரிக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். ஊர் சிரித்துப் பார்த்தாகிவிட்டது. சிரித்தவர்கள் மறுநாள் நம் கடையில்தான் கறி வாங்கிப் போனார்கள்.

முதலில் குழந்தை விஷயம். போன வாரம் டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. பால், முட்டை, பருப்பு, கீரை, எழுதிக் கொடுத்த மாத்திரை, இது போதும் என்றார். ஆகவே குழந்தையைச் சாக்குச் சொல்லாதே.

அவள் ஏன் கறியை விட்டாள் என்பது எனக்கும் புரிந்ததில்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன். "பெரிய காரணம் எதுவும் இல்ல மாமா. ஜெபம் பண்ணும்போது ஒரு நாள் தோணுச்சு. ஆண்டவருக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. இன்றும் படவில்லை. கடவுள் தந்ததை நன்றி சொல்லிச் சாப்பிடுகிறவன் நான். ஆனால் என்னைச் சாப்பிடாதே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டால் கடைக்கு வந்து தராசுப் பக்கம் நின்று எடை போட்டும் கொடுக்கிறாள். வீட்டில் சண்டை வந்ததெல்லாம் அம்மா இரண்டு பாத்திரத்திலும் ஒரே கரண்டியைப் போட்டதால்தான். இப்போது இரண்டு கரண்டி. அதோடு தீர்ந்தது.

சபையில் நடந்ததை யாராவது உனக்குக் கூட்டிக் குறைத்து எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். நம் கடை இறைச்சிதான். பாட்டுக் குழுவை நடத்துகிற தச்சர் பரிமாறிக்கொண்டு வந்தார். இவள் வேண்டாம் என்றதும், "ஆண்டவர் நமக்கு விடுதலை குடுத்திருக்காரு, நீ இன்னும் கட்டுக்குள்ளயே கிடக்குறியே தங்கச்சி" என்று இரண்டு துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டார். நல்ல மனுஷர், நல்லதென்று நினைத்தே செய்தார். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்துபோய் அந்தத் தட்டை எனக்கு எடுத்துக்கொண்டு, வேறு தட்டில் அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். "விக்கிறவன் நானே சும்மா இருக்கேன், உங்களுக்கு என்ன நஷ்டம்" என்றேன். தச்சரே சிரித்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. கை கழுவும் இடத்தில் தையற்கடை அக்கா இவளைப் பிடித்துக்கொண்டு, "நீ செய்யறதுதான் சரி. விசுவாசி கறிக்கடை வச்சிருக்கிறதே தப்பு. உன் மாமனாருக்கு எடுத்துச் சொல்லு" என்றாராம். இவள் சொன்ன பதிலை அம்மா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "நான் விட்டது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள சங்கதி அக்கா. எங்க மாமா தொழில அதுக்குள்ள இழுக்காதீங்க. அவரு ஜெபம் பண்ணிட்டுத்தான் கடையத் திறக்குறாரு." அம்மா வந்து சொன்னபோது, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அவளுக்கும் நீ தனியாக எழுதியிருக்கிறாய் போல. என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்று மத்தியானம் அவளாகவே ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள். மென்றாள், விழுங்க முடியவில்லை. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள். குமட்டலா என்று அம்மா கேட்டாள். "இல்ல அத்தை. அவரு சொல்றாருன்னு தின்னுடலாம். அப்புறம் எந்த முகத்தோட முழங்கால் போட்டு ஜெபம் பண்றது" என்றாள்.

இறைச்சி தின்பது பாவமில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துண்டை அவள் விழுங்கியிருந்தால் அவளுக்கு அது பாவம்தான். விழுங்க வைத்தவர்கள் நாமாக இருந்திருப்போம்.

அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பமாட்டேன். பிரசவத்துக்கு அவளாகப் போக ஆசைப்பட்டால் அது வேறு. இதற்காக அனுப்பமாட்டேன். இது அவள் வீடு.

அவள் உன்மேல் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கவலை. முன்பெல்லாம் தபால்காரர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். இப்போது அம்மாவைப் போய் வாங்கச் சொல்கிறாள்.

இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். தூங்குகிறாயா, குழந்தை அசைகிறதா என்று கேள். ஆண்டவர் உன் கையின் வேலையையும் உன் வாயின் வார்த்தையையும் காத்து, உன்னை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உனக்காகவும் அவளுக்காகவும் ஜெபிக்கும்
அப்பா