நூல் பிடித்த வகுப்பு

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அத்தைக்கு என் வணக்கம் சொல்.

நான் சுவர் கட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். நேற்று அஸ்திவாரத்துக்கு நான் நூல் பிடிப்பதைப் பார்த்தவர், பிள்ளைகளை வெளியே கூட்டிவந்துவிட்டார்.

"மூலை எப்படி நேரா வருது? நீங்களே சொல்லிக்கொடுங்க, மேஸ்திரி."

எட்டாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டு ஓடிவந்தவன் நான். ஆனாலும் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்று அளந்து காட்டினேன்.

"சார், இது எங்க புத்தகத்துல இருக்கு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். என்னைத்தான் சார் என்றாள்!

அதற்குள் பெற்றோர் நாலு பேர் தலைமை ஆசிரியரோடு வந்துவிட்டார்கள். "கொத்தனாரா பாடம் நடத்துறது? டீச்சரை மாத்துங்க."

டீச்சர் வாதாடவில்லை. வகுப்பறை மூலையை அளக்கும்படி அந்தச் சிறுமியிடம் சொன்னார். குறுக்கே ஐந்தடிக்கு மேல் இரண்டு அங்குலம் கூடுதலாக வந்தது.

"நம்ம வகுப்பே கோணல்!" என்று அவள் கூவினாள்.

தலைமை ஆசிரியர் தானே நூலைப் பிடித்து மறுபடி அளந்தார். பிறகு பெற்றோரிடம், "திங்கக்கிழமையும் மேஸ்திரி வருவார்" என்றார்.

எனக்கு இன்னும் சிலிர்ப்பு அடங்கவில்லை. இனி நானும் படிக்க வேண்டும், பாப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தை அனுப்பு. அவள் கிறுக்கிய பக்கங்களைக் கிழித்துவிடாதே. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்