வாசலுக்கு உள்ளே கட்டிய கரை

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? இங்கே எல்லாரும் சுகம், புதுக் குளியலறை வாசலைத் தவிர. நீங்களும் அங்கே வீட்டு வேலை தொடங்கியிருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் காலைத் தூக்கி வைக்க முடியாது என்றுதான் படுக்கையறையை ஒட்டிப் படியே இல்லாமல் அதைக் கட்டச் சொன்னோம். கட்டியவர் உன் அண்ணன் தேடிப்பிடித்த மேஸ்திரி. எதைக் கேட்டாலும் 'முப்பது வருஷமா இதுதாம்மா பண்றேன்' என்பார், அதனால் எனக்கு அவர் பெயரே முப்பது வருஷம்தான். அந்த மகானுபாவர் முதலில் கதவு நிலையை நிறுத்தினார், அப்புறம் தரைக்குத் தண்ணீர் இறங்காத பூச்சைப் பூசினார். நிலைக்கு அடியில் யார் பூசுவது, அவர் தாத்தாவா? பிறகு கசிகிறதா என்று பார்க்க ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டினார். அதற்குக் கரை எங்கே? நிலைக்கு ஒரு சாண் உள்ளே! எங்கே கசியுமோ அங்கே மட்டும் ஒரு சொட்டுப் படவில்லை. மறுநாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். உன் அண்ணன் அதைப் படம்பிடித்துச் சொந்தபந்தம் முழுக்க அனுப்பினான். படித்த பிள்ளை!

எட்டு மாதம் படுக்கையில் பெட்பேனோடு கிடந்த அப்பா, யார் கையையும் பிடிக்காமல் தானாகக் குளியலறைக்குப் போய் வந்தார். அந்தச் சந்தோஷம் மூன்று மாதம்தான். நிலைக்கால் ஊறி உதிர்கிறது, படுக்கையறைத் தரையில் தண்ணீர். போன வாரம் அப்பாவுக்கு வழுக்கிவிட்டது, கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். முப்பது வருஷத்தைக் கூப்பிட்டால், வாசலில் நாலு அங்குலத்துக்கு ஒரு படி வைத்துவிடலாம் என்கிறார். எதற்காகக் கட்டினோம் என்பதையே மறந்துவிட்டு உன் அண்ணனும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறான். அப்பா பழைய பெட்பேனைக் கழுவி எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டு பேரையும் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வேறு ஆள் வருகிறார். நிலையைப் பெயர்த்து, பூச்சை அதன் அடி வழியாகப் படுக்கையறைக்குள் ஒரு அடி வரை கொண்டுவரப் போகிறார். நீயும் நிலை நிறுத்தும் முன்பே பூசச் சொல், கரையை வாசலுக்கு வெளியே கட்டச் சொல், மறந்துவிடாதே. ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இனி எழுதுவதை அண்ணனிடம் சொல்லிவிடாதே. தண்ணீர் கட்டிய அன்றைக்கு முப்பது வருஷம் கரையை வெளியேதான் கட்ட வந்தார். 'தண்ணி என் கட்டில் பக்கம் வந்துடும், உள்ள தள்ளிக் கட்டுங்க' என்று அதட்டியவள் நான். கட்டிலில் படுத்தபடி அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். இன்று வரை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா