எட்டு மாடும் என் சாட்சியும்

6.8.2025, புதன்
எனக்கு மாரடைப்பு வந்தது ஜூன் 12. என் மனைவி ஞானம்மாள் சபை முழுவதும் 13 என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து, கர்த்தர் என்னைப் பிழைக்க வைத்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். போதகர் ஒதுக்கியது மூன்று நிமிடம். உயிர் தந்த கர்த்தருக்கு மூன்று நிமிடம்; அறிவிப்புகளுக்குப் பத்து!

7.8.2025, வியாழன்
சாட்சியை எழுதினேன். மயங்கியது காலை 6.20. மருத்துவமனை சேர்ந்த நேரம் தெரியவில்லை. அறிந்தவர் ஒருவரே: பால் வண்டியில் என்னைக் கிடத்திக் கொண்டுபோன பக்கத்து வீட்டு எத்திராஜ். அவரோடு எனக்குப் பேச்சில்லை. அவருடைய மாட்டுக்கொட்டகையை அகற்றக் கோரி மாநகராட்சியில் மனு கொடுத்தவன் நான். விசாரணை வரும் திங்கள்.

8.8.2025, வெள்ளி
வேறு வழியின்றிக் கேட்டேன்.
"டைமா? நீ கண்ணு சொருவிகினு கெடக்க சொல்லோ, நான் வாட்ச்சையா சார் பாத்துகினு இருந்தேன்? எட்டு மாடு கறக்காம கத்தினு கீது, உன்ன தூக்கினு ஓடுனேன்."
கொட்டகைத் தூணில் மாநகராட்சி நோட்டீஸ். ஒட்டிய தேதி 10.6.2025. மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர்.
மாரடைப்புக்கு இரண்டு நாள் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தூக்கினாரா?

9.8.2025, சனி
"சாட்சில அவரு பேரையும் சொல்லிடுங்க" என்கிறாள் ஞானம்மாள். ஞாயிறு பெயரைச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அவருக்கு எதிராகப் போய் நிற்பதா? அது என்ன சாட்சி? அதற்காக மனுவை விட்டுவிடுவதா? கொட்டகை ஈ மொய்ப்பது யார் சாப்பாட்டில் — என் சாப்பாட்டில்தானே!

10.8.2025, ஞாயிறு
சாட்சி சொல்லவில்லை.

11.8.2025, திங்கள்
மனுவைத் திரும்பப் பெற்றேன். காரணம் என்ற இடத்தில், 'எனக்கு இரக்கம் கிடைத்தது' என்று எழுதினேன்.
அலுவலர் யுவராணி, "இப்டில்லாம் எழுதக் கூடாது ஐயா. குறை தீர்ந்துடுச்சுன்னு போடுங்க" என்றார்.
"தீரவில்லையே, அம்மா. நாற்றம் அப்படியேதான் இருக்கிறது."
தலையில் கைவைத்தபடி வாங்கிக்கொண்டார்.
வெளியே பெஞ்சில் எத்திராஜ். செய்தியைச் சொன்னேன். அறுபது நாள் கழித்து, நன்றியும் சொன்னேன்.
"அப்போ இன்னும் ரெண்டு மாடு வாங்கி கட்டிக்கவா சார்?"
கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம். எங்களையெல்லாம் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீரோ!